உறுமுகிற நாயை மல்லாக்கப் போடாதீர்கள்

"இதுக்குத் திமிர் ஜாஸ்தி. ஒரு தடவை மல்லாக்கப் போட்டு அமுக்குங்க, முதலாளி யாருன்னு தெரிஞ்சிடும்." நாய்களைப் பகலில் விட்டுச்செல்லும் டே கேர்களில், கடிக்க வரும் நாயைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்த யோசனை உடனே வந்துவிடும். ஓநாய்கள் மற்றவற்றை அடக்கித்தான் தலைமைக்கு வருகின்றன, நாய் ஓநாயின் வழிவந்தது, அதனால் மனிதன் அதை அடக்கியாள வேண்டும் என்பது இவர்கள் வாதம். இதில் நாய் ஓநாயின் வழிவந்தது என்பது மட்டும்தான் உண்மை.

இந்த எண்ணத்துக்கு வேர், ஸ்விட்சர்லாந்தின் பாசெல் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கெல் 1947இல் வெளியிட்ட ஆய்வு. விலகிப்போக வழியில்லாத இடத்தில் அவை மோதிக்கொண்டன. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய நூல் அந்தக் கருத்தைப் பரப்பியது. பிறகு அவரே கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல கோடைகள் காட்டு ஓநாய்களைக் கவனித்தார். அங்கே கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள்; பெற்றவர்கள் என்பதால் கிடைத்த தலைமை அது. 1999இல் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தச் சொல்லிப் பதிப்பகத்தாரிடம் கேட்டும் வந்தார். பரப்பியவரே கைவிட்டதை நாம் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறோம்?

"அமுக்கினா அடங்குதே, கண்ணால பாக்குறோமே" என்பார்கள். அவர்கள் பார்ப்பது என்ன? உடம்பு விறைத்து, வாய் இறுக மூடி, கண்ணோரத்தில் வெள்ளை தெரியக் கிடக்கும் ஒரு நாயை. பயத்தில் உறைந்துபோனதைப் பணிவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 140 நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டு 2009இல் வெளியிட்ட ஆய்வில், நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேரிடம் நாய் சீறித் திரும்பியிருக்கிறது. மல்லாக்கப் போட்டவர்களிடம் இது 31 சதவீதம்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. நாய் எடுத்த எடுப்பில் கடிப்பதில்லை. முதலில் முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும். யாரும் கவனிக்காவிட்டால் விறைக்கும், உறுமும், பல்லைக் காட்டும். உறுமும்போதெல்லாம் அடி விழுந்தால் அது உறுமுவதை விட்டுவிடும். பயம் மட்டும் அப்படியே இருக்கும். பிறகு அந்த நாய் சத்தமில்லாமல் கடிக்கும். பத்துப் பதினைந்து நாய்கள் ஓடியாடும் கூடத்தில் அப்படியொரு நாயை உருவாக்குவதைவிடப் பெரிய முட்டாள்தனம் இல்லை. உறுமலுக்கு நன்றி சொல்லி, சுற்றியுள்ள நாய்களை விலக்குங்கள்.

"அதோட ஜாதி அப்படி" என்பது இன்னொரு பேச்சு. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் தகவலைத் திரட்டி 2022இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வின்படி, தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான். இனத்தைக் குறை சொல்வதற்கு முன் காதையும் இடுப்பு மூட்டையும் பல்லையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நடத்தைச் சிக்கலுக்காகக் கொண்டுவரப்படும் நாய்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கு ஏதோ ஒரு வலி இருக்கிறது என்கிறது 2020இல் வந்த ஓர் ஆய்வு. இடுப்பு வலிக்கும் லேப்ரடார் மேல் இன்னொரு நாய் தாவினால் அது என்னதான் செய்யும்?

"கூட்டத்துல விட்டா தானா பழகிடும்" என்பதுதான் டே கேர்களில் அதிகம் நடக்கும் தவறு. குட்டி உலகத்தோடு சுலபமாகப் பழகும் பருவம் மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பதினான்காவது வாரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்த நாட்களை அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் கழித்த நாயை இரண்டு வயதில் திடீரென்று கூட்டத்தில் தள்ளினால் அதன் பயம்தான் பெருகும். முதலில் ஒரு மணி நேரம் மட்டும் என்று ஆரம்பியுங்கள். சாதுவான ஒரே நாயோடு, இடைவெளி விட்டு, ஒரே திசையில் நடத்துங்கள். அது நிதானமாக இருக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு கோழி கொடுங்கள். பிறகு இரண்டையும் கம்பித் தடுப்புக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் விடுங்கள். நடுவே தனியாகப் படுக்க ஓர் அறை வேண்டும். ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை: வாசலில் முண்டக் கூடாது, வாயிலிருப்பதைக் கேட்டால் விட வேண்டும். இவற்றையும் தீனி கொடுத்தே கற்றுத்தரலாம்.

இத்தனைக்கும் பிறகும் சில நாய்களுக்குக் கூட்டம் ஒத்துவராது. மாதக் கட்டணம் போனாலும் பரவாயில்லை என்று டே கேர் நடத்துபவர் அதை வளர்ப்பவரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும்: இது வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும், பகலில் ஒருவர் வந்து நடக்கக் கூட்டிப்போனால் போதும்.