பாட்டு யாருக்கு உரியது?

1919ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பாரதியார் காரைக்குடிக்கு வந்தார். அவ்வூர் இந்து மதாபிமான சங்கத்தார் அவரை அன்புடன் வரவேற்றனர். அவரும் அச்சங்கத்தைப் போற்றிக் கவிதை ஒன்று இயற்றி அளித்தார். அப்போது எடுக்கப்பெற்ற நிழற்படங்களுள் ஒன்றில் கவிஞர் கையில் தடியுடன் நிற்கிறார். அவருடைய தோற்றத்தைப் பின்வந்தோர் அறிந்துகொள்வதற்கு அப்படம் பெரிதும் உதவியது. ஆனால், அவருடைய குரலை அறிந்துகொள்ள வழியில்லை. அவர் பாடிய பாட்டு எதுவும் இசைத்தட்டில் பதிவாகவில்லை. இரண்டு ஆண்டுகள் நிரம்புவதற்குள், 1921ஆம் ஆண்டு செப்டம்பரில், 38 வயதில் அவர் மறைந்தார்.

பாரதியாரின் பாடல்களுள் நாட்டுப் பாடல்களைப் பலரும் கூடிப் பாடுவதில் எவரும் குறை காண்பதில்லை. அவை கூடிப் பாடுதற்கென்றே பிறந்தவை. ஆனால், ‘கண்ணன் பாட்டு’ அத்தகையதன்று. அங்கே கவிஞரின் நெஞ்சம் தனித்திருந்து உருகுகிறது. கண்ணனைக் காதலனாகவும் காதலியாகவும் கொண்டு அவர் பாடிய பாடல்களை, அவ்வுருக்கத்தை அறியாத ஒருவர் மேடையில் ஏறிப் பாடலாமா? ஒருவர் மனத்தில் எழுந்த ஏக்கத்தை மற்றொருவர் கூலி பெற்றுக்கொண்டு பாடுவது முறையாகுமா? இவ்வாறு வினவுவோர் உண்டு.

இவ்வினாவைப் பொருளற்றதென்று தள்ளிவிட இயலாது. கண்ணன் பாட்டின் இரண்டாம் பதிப்புக்கு முன்னுரை எழுதிய வ.வே.சு. ஐயரும் ஏறக்குறைய இக்கருத்துக்கு அருகில் வருகிறார். புதுவைக் கடற்கரையில், மாலைப் பொழுதில், பாரதியார் தம் கம்பீரமான குரலில் பாடக் கேட்டவர்களே இப்பாடல்களின் அருமையை அறிவர் என்பது அவர் கருத்து. அவர் அப்பாடல்களை நேரில் கேட்டவர். ஆதலின் அவர் கூற்றில் மிகை இருப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும், அன்று அவருடன் கடற்கரையில் இருந்தவர் எத்தனை பேர்? அவர்களுக்குப் பின் வந்தோர் என் செய்வர்? பிறர் பாடலாகாது என்று விலக்கியிருந்தால், அப்பாடல்கள் அக்கடற்கரையோடு முடிந்திருக்கும். ஏட்டில் எழுத்தாக மட்டும் எஞ்சியிருக்கும்.

இவ்விடத்தில் பாரதியார் செய்த ஒரு செயல் கருதத்தக்கது. கண்ணன் பாட்டில் பல பாடல்களின் தலைப்பிலேயே இராகத்தையும் தாளத்தையும் அவர் குறித்து வைத்தார். தமக்காக மட்டும் பாடிக்கொள்பவருக்கு இக்குறிப்பு எதற்கு? தம் பாட்டின் மெட்டு அவருக்குத் தெரியாததன்று. பிறிதொருவர் பாட வேண்டும் என்னும் எண்ணம் இருந்தமையாலேயே அவர் அதனை எழுதினார். தன் துயரத்தை மறைத்து வைக்க விரும்புபவன் அதனை நாட்குறிப்பில் எழுதிப் பூட்டி வைப்பான். இராகமும் தாளமும் குறித்து அச்சிட்டு வெளியிடுபவன், பாட வாருங்கள் என்று பிறரை அழைக்கிறான்.

மேலும், கண்ணனைக் காதலனாகப் பாடும்போது பாரதியார் ஒரு பெண்ணின் நெஞ்சத்தைத் தம்முடையதாக்கிக் கொண்டே பாடுகிறார். அக்குரலே அவர் இரவலாகப் பெற்ற குரல் எனலாம். தமிழில் இது புதிய வழக்கமும் அன்று. அகப்பாடல்களில் காதலர் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த ஒக்கூரில் வாழ்ந்தவராகக் கருதப்பெறும் மாசாத்தியார் பாடிய எட்டுப் பாடல்கள் சங்க நூல்களில் உள்ளன. அவருடைய அகப்பாடல்களில் தலைவியும் தோழியும் பேசுகிறார்கள். புலவர் தம் பெயரால் பேசுவதில்லை. அவர் தம் துயரத்தைப் பாடினாரா, பிறர் துயரத்தைப் பாடினாரா என்பதை எவரும் அறியார். பெயர் நீங்கியமையால் அப்பாடல் படிப்பவர் அனைவருக்கும் உரியதாயிற்று.

பாரதியாரின் காதற்பாட்டு ஒன்றைப் பற்றி நாட்டில் உண்மையாகவே ஒரு வழக்கு எழுந்தது. அவர் பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமையை, வணிகர் ஒருவரிடமிருந்து காரைக்குடியைச் சேர்ந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் விலை கொடுத்துப் பெற்றிருந்தார். காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் அவர் நிறுவிய படப்பிடிப்பு நிலையத்தில் உருவான ‘நாம் இருவர்’ என்னும் படம் 1947இல் வெளிவந்தது. அதில் டி.கே. பட்டம்மாள் பாரதியார் பாடல்களைப் பாடினார். விடுதலைக்குச் சில திங்கள் முன்பே அப்பாடல்கள் ஊர்தோறும் ஒலித்தன. மறு ஆண்டில் டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ என்னும் படத்தை வெளியிட்டனர். அதில் கண்ணனைக் காதலனாகக் கொண்டு பாடிய பாடல் ஒன்று இடம்பெற்றது. பில்ஹணன் என்பவனும் காதற்பாட்டால் புகழ்பெற்ற காசுமீரப் புலவன். அவன் கதைக்குள் தமிழ்ப் புலவரின் காதற்பாட்டு புகுந்தது வியப்பான பொருத்தமே. ஆயினும், உரிமை தம்முடையது என்றார் மெய்யப்பர். பாரதி பாட்டைப் பாட எவர் இசைவும் வேண்டா என்றார் டி.கே. சண்முகம்.

விலை கொடுத்தவர் உரிமை கோரியது சட்டப்படி தவறன்று. ஆனால், பாரதியாரின் பாட்டு ஒருவரிடம் மட்டும் இருத்தலாகாது என்னும் கிளர்ச்சி வலுத்தது. 1949இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் அமைச்சரவை பாரதியார் படைப்புகளின் உரிமையை அரசுடைமையாக்க முற்பட்டது. மெய்யப்பரும் ஈடு எதுவும் பெறாமல் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். பின்னர் அப்படைப்புகள் மக்கள் அனைவர்க்கும் பொதுவாயின.

இவ்வளவு பெரிய பூசலில், பிறர் நெஞ்சத்துக் காதலை நாம் பாடலாமா என்ற வினாவுக்கு இடமே இருக்கவில்லை. வழக்கெல்லாம் உரிமை பற்றியது, உருக்கம் பற்றியதன்று. உருக்கத்தைச் சட்டத்தால் காக்கவும் முடியாது. பாடுவோரின் நாணயமே அதற்குக் காவல். பொருள் உணராமல் பாடுவதும், சொல்லை மாற்றுவதும், நீளம் கருதி நடுவிலுள்ள அடிகளை வெட்டுவதும், இயற்றியவர் பெயரை மேடையில் கூறாது விடுவதும் கவிஞருக்குச் செய்யும் தீங்குகள். கடைசியாகச் சொன்னது சிறிதாகத் தோன்றினாலும் அதுவே பெருந்தீங்கு. அவர் குரல் போய்விட்டது. பெயரும் போக வேண்டுமா?

மெட்டை மாற்றுவது பற்றி அத்தனை கடுமை வேண்டுவதில்லை. பாரதியார் குறித்த இராகத்தை விட்டு வேறு இராகத்தில் பாடி, பாட்டின் பொருளை மேலும் விளங்கச் செய்த வித்துவான்கள் உண்டு. ஆனால், அவர் என்ன குறித்தார் என்று அறிந்தபின் மாற்றுவது வேறு. நூலைத் திறந்தே பாராமல் மாற்றுவது வேறு. நல்ல பதிப்புகளில் அக்குறிப்புகள் இன்றும் பாட்டின் மேலேயே அச்சாகியுள்ளன.