தாமே கற்ற வெப் டெவலப்பர்கள்: படிப்பு இலவசம், முதல் வேலைக்கு மட்டும் நெடிய வரிசை

புது டெல்லி: மடிக்கணினியும் இணைய இணைப்பும் இருந்தால், இணையதளங்களை உருவாக்கும் வெப் டெவலப்மென்ட் தொழிலை எவரும் வீட்டிலிருந்தே கற்றுக்கொள்ள முடியும். ஆனால், கற்றவர்களுக்கெல்லாம் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை கடந்த சில ஆண்டுகளில் தளர்ந்திருக்கிறது. இதற்கு இளைஞர்களின் திறன் குறைபாடு மட்டும்தான் காரணமா என்பது ஆராயப்பட வேண்டிய கேள்வி.

கற்பதற்குத் தடையில்லை

இணையப் பக்கத்தின் கட்டமைப்புக்கு எச்.டி.எம்.எல்., தோற்றத்துக்கு சி.எஸ்.எஸ்., இயக்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றும் அடிப்படை. இவற்றை ஃப்ரீகோட்கேம்ப், மோசில்லாவின் எம்.டி.என். ஆகிய தளங்கள் கட்டணமின்றிக் கற்பிக்கின்றன. மத்திய அரசின் ஸ்வயம் தளத்திலும் கணினிப் படிப்புகள் உள்ளன. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் பாடங்களை வழங்குகிறது. எனவே, அறிவு கிடைப்பது இன்று பெரிய சிக்கல் அல்ல.

சுருங்கிய நுழைவாயில்

சிக்கல் வேலைச் சந்தையில் இருக்கிறது. 2023-24 நிதியாண்டில் டிசிஎஸ் நிறுவனத்தின் பணியாளர் எண்ணிக்கை 13,249, இன்ஃபோசிஸில் 25,994, விப்ரோவில் 24,516 என்ற அளவில் குறைந்தது. மூன்றையும் கூட்டினால் ஏறத்தாழ 64 ஆயிரம். இவர்கள் அனைவரும் பணிநீக்கம் செய்யப்பட்டவர்கள் அல்லர். விலகிச் சென்றவர்களின் எண்ணிக்கைக்கு ஈடாகப் புதியவர்கள் சேர்க்கப்படவில்லை என்பதே இதன் பொருள். 2025 ஜூலையில், பணியாளர்களில் சுமார் 2 சதவீதத்தினரைக் குறைக்கப் போவதாக டிசிஎஸ் அறிவித்தது. இதனால் அனுபவசாலிகளும் வேலை தேடும் வரிசையில் சேர்ந்தனர்.

செயற்கை நுண்ணறிவின் தாக்கமும் உடன் சேர்ந்துகொண்டது. கூகுளில் புதிதாக எழுதப்படும் நிரல்களில் கால் பங்குக்கும் மேல் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்படுவதாகவும், அவற்றைப் பொறியாளர்கள் சரிபார்த்து ஏற்பதாகவும் சுந்தர் பிச்சை 2024 அக்டோபரில் தெரிவித்தார். படிவம் அமைத்தல், சிறு பிழைகளைத் திருத்துதல் போன்ற பணிகளே புதியவர்களுக்குப் பயிற்சிக் களமாக இருந்தன. அந்தப் பணிகள்தாம் இப்போது கருவிகளிடம் முதலில் செல்கின்றன.

நிரலைப் பார்க்கும் முன்பே நிராகரிப்பு

பெருநிறுவனங்கள் பலவற்றில் 10-ஆம் வகுப்பு, 12-ஆம் வகுப்பு, பட்டப்படிப்பு ஆகிய அனைத்திலும் 60 சதவீத மதிப்பெண் கேட்கும் வழக்கம் உள்ளது. அதை எட்டாதவரின் விண்ணப்பம், அவர் எழுதிய நிரலை ஒருவரும் பார்க்கும் முன்பே விலக்கப்படுகிறது. பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்குப் பயிற்சி அளித்து வேலை தரும் சோஹோ ஸ்கூல்ஸ், எச்சிஎல் நிறுவனத்தின் டெக்பீ ஆகியவை மாற்று வழிகள் எனினும், அவற்றில் உள்ள இடங்கள் வரம்புக்குட்பட்டவை.

முன்பு பெருநிறுவனங்கள் புதியவர்களுக்குப் பல மாதங்கள் ஊதியத்துடன் பயிற்சி அளித்தன. இன்று சேர்ந்த நாளிலேயே பணியாற்றக் கூடியவர்களையே பல நிறுவனங்கள் தேடுகின்றன. பயிற்சிச் செலவு குடும்பத்தின் தோளுக்கு மாறிவிட்டது. இந்த இடைவெளியில்தான் 'வேலை உறுதி' என்று கூறிப் பெருந்தொகை வசூலிக்கும் பயிற்சி மையங்களும், போலி அனுபவச் சான்றிதழ் விற்பவர்களும் நுழைகின்றனர். பின்னணிச் சரிபார்ப்பில் போலிச் சான்றிதழ் பிடிபட்டால், கிடைத்த வேலையும் பறிபோகும்.

எது உண்மையான சான்று?

காணொளியைப் பார்த்து அப்படியே செய்த மாதிரித் தளங்கள் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களில் ஒரே மாதிரி இடம்பெறுகின்றன. அவற்றைவிட, உள்ளூர்க் கடைக்கோ பள்ளிக்கோ உருவாக்கி, மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு சிறிய தளம் வலுவான சான்றாகும். கிட்ஹப் தளத்தில் படிப்படியாகப் பதிவான வேலை வரலாறும், திறமூலத் திட்டம் ஒன்றில் ஏற்கப்பட்ட ஒரு திருத்தமும் அத்தகையவையே. நிரலை எழுதக் கருவியின் துணையை நாடியிருக்கலாம். ஆனால், ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே உள்ளது என்று நேர்காணலில் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எனினும், முழுச் சுமையையும் இளைஞர்கள் மீது ஏற்றுவது முறையன்று. ஐந்தாண்டுகளில் 1 கோடி பேருக்குப் பெருநிறுவனங்களில் பயிற்சி என்ற இலக்குடன் பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024-ல் தொடங்கப்பட்டது. இத்தகைய திட்டங்களில் தாமே கற்றவர்களுக்கு நேரடிச் செய்முறைத் தேர்வு மூலம் இடமளிக்கலாம். நிறுவனங்களும் மதிப்பெண் வடிகட்டிக்கு முன்பாகச் செய்முறைத் தேர்வை வைக்கலாம். புதியவர்களைச் சேர்க்காத துறைக்குச் சில ஆண்டுகளில் மூத்த பொறியாளர்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்விக்கு நிறுவனங்களே விடை காண வேண்டியிருக்கும்.