கடல் கடக்கும் வெல்லம்

காவிரிக் கரையிலுள்ள ஜேடர்பாளையத்தைச் சூழ்ந்த ஊர்களில் கரும்பு விளைகிறது. ஆலைக்கொட்டகைகளில் வெல்லம் காய்ச்சப்படுகிறது. அது பிலிக்கல்பாளையம் ஏலச்சந்தைக்குச் செல்கிறது. கடல் கடந்து வாழும் தமிழர்க்கும் பொங்கலன்று வெல்லம் வேண்டும். ஆயினும், சிறு ஆலைக்காரர் அவர்களுக்கு நேரே விற்பது எளிதன்று. ஏன்?

தொலைவில் இருப்பவர் வெல்லத்தைச் சுவைத்துப் பார்த்து வாங்க இயலாது. சான்றை நம்பியே வாங்குவர். வெளுத்த வெல்லத்தையே சந்தை விரும்புகிறது என்பர் சிலர். ஆனால், நிறத்திற்காகச் சேர்த்த வேதிப்பொருளும், ஆதாயம் கருதிக் கலந்த வெள்ளைச் சர்க்கரையும் ஆய்வுக்கூடத்தில் வெளிப்பட்டுவிடும். ஒருவர் செய்த கலப்படத்தால் ஊரார் அனைவரின் பெயரும் கெடும்.

வேளாண் ஏற்றுமதியை வளர்க்க 1986ஆம் ஆண்டு தோன்றிய அபெடா ஆணையத்தின் பட்டியலில் வெல்லமும் உண்டு. எனினும், ஏற்றுமதிக் குறியீட்டெண், ஆய்வுக் கட்டணம், ஏற்ற பொதி, கப்பற்கூலி ஆகியவற்றைத் தனியொருவர் தாங்குதல் அரிது. ஆகவே, கடன் கொடுப்பது மட்டும் உதவியாகாது. பலரையும் ஒரு கூட்டுறவாக இணைத்து, குறைந்த செலவில் ஆய்வுக்கு வழிசெய்தலே சிறந்த உதவியாகும்.

பண்டைப் புகார்த் துறைமுகத்தில் பண்டங்களின்மேல் புலிமுத்திரை பொறித்ததைப் பட்டினப்பாலை கூறும். இன்று தூய்மைச் சான்றே அத்தகைய முத்திரை. அதனைப் பெற வழிகாட்டுதல் அரசின் கடமை. அதற்குத் தகுந்த வெல்லத்தைக் காய்ச்சுதல் ஆலைக்காரரின் கடமை.