“எங்க புள்ள மாதிரி” என்பது எந்தப் பிள்ளை மாதிரி?

“ஆதரவற்ற குழந்தைகளை வளர்ப்புப் பராமரிப்பில் வளர்க்க விருப்பமுள்ள குடும்பங்கள் விண்ணப்பிக்கலாம்” என்று மாவட்ட நிர்வாகங்கள் அவ்வப்போது செய்தி வெளியிடுகின்றன. நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு மூலையில் அது கிடக்கும். இந்த முறை அதை வெட்டி வைத்துக்கொண்டேன். விண்ணப்பிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் யார் வளர்க்கத் தகுதியானவர் என்று அரசு சொல்வதைப் படிக்கப் படிக்க, என்னை வளர்த்தவளே அதில் தேறமாட்டாள் என்பது தெரிந்தது.

முதலில் திட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இது தத்தெடுப்பு அல்ல. தத்தெடுத்தால் குழந்தை சட்டப்படி உங்கள் வாரிசு. வளர்ப்புப் பராமரிப்பு என்பது, பெற்றவர்கள் இல்லாத அல்லது அவர்களால் வளர்க்க முடியாத குழந்தையை, இல்லத்தில் விடாமல் ஒரு குடும்பத்தில் வளரவிடுவது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு இதற்கு வழி செய்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வீட்டை ஆய்வு செய்யும். குழந்தைகள் நலக் குழு ஆணை வழங்கும். 2024இல் திருத்தப்பட்ட மாதிரி வழிகாட்டுதல்களின்படி குழந்தைக்கு ஆறு வயது முடிந்திருக்க வேண்டும். தம்பதியர் என்றால் இருவர் வயதும் சேர்ந்து 70 ஆகியிருக்க வேண்டும். தனியாள் என்றால் 35 முதல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும். இரண்டு ஆண்டு வளர்த்தபின் தத்தெடுக்கவும் கேட்கலாம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. எனக்கு வயது 32, மணமாகவில்லை. இன்னும் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். அது பெரிய குறையில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது.

எனக்கு ஏழு வயதில் அம்மா செத்துப்போனாள். திருப்பூருக்கு வேலைக்குப் போன அப்பா திரும்பவில்லை. எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளியிருந்த ஒருத்தி என்னைத் தூக்கிக்கொண்டு போனாள். பெரியம்மா என்று கூப்பிடுவேன். ரத்த உறவு கிடையாது. அவளுக்கே மூன்று பிள்ளைகள். புருஷன் இல்லை. நடவும் களையெடுப்பும்தான் பிழைப்பு. அப்போது எங்கள் ஊர்ப் பண்ணை வீட்டிலிருந்து ஆள் வந்தது. “பையன எங்க வீட்டுல வுடு. மாட்டப் பாத்துக்கிட்டு பள்ளிக்கூடம் போவட்டும். எங்க புள்ள மாதிரி பாத்துக்குறோம்.”

பெரியம்மா கேட்டாள்: “அவுங்க புள்ள எந்த மாட்டுக் கொட்டாயில படுத்துச்சாம்?”

அந்தக் கேள்விதான் என்னைப் பள்ளிக்கும், பிறகு பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பியது. இன்று நான் ஆய்வு செய்வது தஞ்சைப் பண்ணையாள் முறையை. 1952இல் தஞ்சாவூர் சாகுபடியாளர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் 2018இல் கஜா புயல் வீட்டைப் பிடுங்கிய பிறகு, டெல்டாவில் ஒரு சிறுவன் சில ஆயிரம் ரூபாய்க்கு ஆடு மேய்க்க அடகு வைக்கப்பட்டான் என்று செய்தி படித்தோம். இங்கே சேரிப் பிள்ளையை “வீட்டோடு வைத்து வளர்ப்பது” என்பதற்கு இப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

இந்த மண்ணுக்கு ஒரு படிவத்தோடு வருகிறது அரசு. படிவம் கேட்பதென்ன? போதிய வருமானம், போதிய இடம், மருத்துவச் சான்று, குற்ற வழக்கு இல்லாமை. 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் இன்னொன்றும் கேட்டன: அக்கம்பக்கத்தாரோடும் நண்பர்களோடும் ஆதரவான உறவு இருக்க வேண்டுமாம்.

பெரியம்மாவிடம் இருந்தது மடத்து நிலத்தில் ஒரு கூரை வீடு. வருமானம் என்றால் மேட்டூரில் தண்ணீர் திறந்தால் உண்டு. நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்தபின் அதுவும் பாதி. முதல் இரண்டு கேள்வியிலேயே அவள் வெளியே. ஊரை எதிர்த்துச் சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டவர்களுக்கு “அக்கம்பக்கத்தார் ஆதரவு” எங்கிருந்து வரும்? 2024 ஜனவரியில் பட்டுக்கோட்டை அருகே, தலித் இளைஞரை மணந்த 19 வயதுப் பெண்ணைக் கொன்று எரித்ததாகக் கைதானவர்கள் அவளைப் பெற்றவர்களே. காவல்துறை அவளை அனுப்பி வைத்ததும் அவர்களோடுதான். “பாதுகாப்பான குடும்பம்” என்பதற்கு நம் அதிகாரிகள் வைத்திருக்கும் இலக்கணம் இதுதான்.

பண்ணை வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாடி வீடு, பத்து ஏக்கர், வழக்கு ஏதுமில்லை, தெருவே வந்து நற்சான்று கொடுக்கும். தேறிவிடும். கூலிக்கு வரும் பெண்ணுக்குக் கொல்லைப்புறத்தில் தனித் தம்ளர் கவிழ்த்து வைத்திருக்கிறார்களா என்று படிவம் கேட்காது.

“குழந்தை நலத்தில் ஏன் சாதியை இழுக்கிறீர்கள்?” என்பார்கள். இழுத்தது நாங்களா? தத்துப்பிள்ளை தன் சாதியிலேயே இருக்க வேண்டும் என்றது பழைய இந்துச் சட்டம். திருமணத்திலும் தத்தெடுப்பிலும் அந்தச் சாதி நிபந்தனையை நீக்கத்தான் அண்ணல் அம்பேத்கர் இந்துச் சட்டத் தொகுப்பில் போராடினார். அது நிறைவேறாமல் 1951இல் பதவி விலகினார். 1956இல் வந்த தத்தெடுப்புச் சட்டத்தில் சாதி நிபந்தனை இல்லை. ஆனால் 2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள், குழந்தையை இயன்றவரை அதன் சொந்த “சமூக-பண்பாட்டுச் சூழலில்” சேர்க்க வேண்டும் என்கின்றன. மொழி, ஊர், உணவு என்றால் நியாயம். அதைச் சாதி என்று படிக்க நம்மூரில் எவருக்கும் அகராதி தேவையில்லை.

மாற்று வழி நம் காவிரிக்கரையிலேயே இருக்கிறது. திருச்சி நாகம்மையார் குழந்தைகள் இல்லத்தில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு மணியம்மையார் தலைப்பெழுத்தாகக் கொடுத்தது “ஈ.வெ.ரா.ம.” என்பதை. எந்தச் சாதியில் பிறந்தது என்று அங்கே எவரும் கேட்கவில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. வீட்டு ஆய்வுக்கு வருபவர் அதே தெருவில் மட்டும் விசாரித்துப் போகக்கூடாது. அந்த வீட்டில் கூலி வேலை செய்பவர்களிடமும் சேரியிலும் விசாரிக்க வேண்டும். தீண்டாமை கடைப்பிடிக்கும் வீடு எவ்வளவு பெரிதானாலும் தகுதியற்றது என்று வெளிப்படையாக எழுத வேண்டும். குழந்தையைச் சேர்த்தபின் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்க வேண்டும். அது எங்கே படுக்கிறது, எதில் சாப்பிடுகிறது, பள்ளிக்குப் போகுமுன் என்ன வேலை செய்கிறது என்று அதனிடமே தனியாகக் கேட்க வேண்டும். சாதி மறுப்புத் தம்பதியருக்கு முன்னுரிமை வேண்டும். உழைக்கும் பெண்களை வருமானத்தைக் காட்டித் தள்ளாதீர்கள். மாதம் 4,000 ரூபாய் அந்தக் குறையை ஈடுகட்டத்தானே?

மூன்று ஆண்டு கழித்து நான் விண்ணப்பிப்பேன். எனக்கு உதவித்தொகை இருக்கும், வாடகை வீடு இருக்கும், நான் தேறிவிடுவேன். பெரியம்மா தேறாத தேர்வில் நான் தேறுவதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. பிள்ளை வளர்ப்பது எப்படி என்று நான் கற்றது அவளிடம்தான். படிவத்தைத் திருத்துபவர்கள் அவள் கேட்ட அந்த ஒரு கேள்வியையாவது அதில் சேர்க்கட்டும்.