ஒட்டகத்தைக் கட்டினோமா?



"பிள்ளைகள் போகும் ஸ்கூல் வேன் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கத்தில் 'டக்' என்று தட்டுகிறது. கேட்டால், பழைய வேன் அப்படித்தான் என்கிறார் சாரதி. பெண்ணாகிய நான் இதில் தலையிடலாமா?" என்று ஒரு தாய் கேட்டிருந்தார்.

தாராளமாகத் தலையிடலாம். ஆனால் விஷயத்தை விளங்கிக்கொண்டு கேட்க வேண்டும்.

வாகனத்தின் முன் சில்லையும் அடிச்சட்டத்தையும் இணைப்பது 'கன்ட்ரோல் ஆம்' எனும் உலோகக் கை. சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு முன் சில்லுக்கும் கீழே ஒன்று இருக்கும். அதுவே 'லோவர் ஆம்'. சில வேன்களில் மேலேயும் ஒன்று உண்டு. கதவைப் பிணைச்சல் பிடித்திருப்பது போல அது சில்லைப் பிடித்திருக்கிறது. சில்லு மேலும் கீழும் அசைய இடம் கொடுக்கும். முன்னும் பின்னும் நகர விடாது. குலுக்கலைத் தாங்குவது ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோர்பரும். சில்லை அதன் இடத்தில் நிறுத்துவது இந்தக் கை.

கையின் உள் முனையில் ரப்பர் 'புஷ்', வெளி முனையில் 'போல் ஜொயின்ட்'. முதலில் தேய்வது இவைதான். ரப்பர் வெடித்துவிட்டால் பள்ளத்திலும் பிரேக் பிடிக்கும்போதும் தட்டும். வாகனம் ஒரு பக்கம் இழுக்கும். டயரின் ஓரம் மட்டும் தேயும். அதிகம் அஞ்ச வேண்டியது போல் ஜொயின்டைத்தான். அது கழன்றால் சில்லு சரிந்துவிடும். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தும் பயனில்லை.

ஆகவே பண்பாகச் சொல்லுங்கள்: "நானா, வேனை ஜெக்கில் தூக்கி, லோவர் ஆம் புஷ்ஷையும் போல் ஜொயின்டையும் ஒருக்கா பாருங்க." சத்தத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும். பழுதானதை மாற்றினால் வீல் அலைன்மன்ட்டும் செய்ய வேண்டும். செலவுக்கு அவர் தயங்கினால், பெற்றோர் சேர்ந்து ஒரு மாத வேன் கூலியை முற்பணமாகக் கொடுங்கள். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தானே!

வாகனத்தில் ஏறும்போது துஆ ஓதப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுத் தவக்குல் வைக்கலாமா எனக் கேட்டவரிடம், கட்டிவிட்டே தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். துஆவை அவர்கள் ஓதட்டும்; கயிற்றை நாம் சரிபார்ப்போம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் பயணங்களைப் பாதுகாப்பானாக. ஆமீன்.