"ஒன்றுமில்லாத பொட்டல்" என்பவர்களுக்கு

"ரெட்டிபாளையத்துல என்ன சார் இருக்கு? சிமெண்ட் தூசியும் சீமைக்கருவேலும்தான். விலங்கு பாக்கணும்னா முதுமலை போங்க." விடியற்காலையில் தனியாக நடந்துவிட்டு வந்து நான் இங்கே எதை எழுதினாலும் இப்படி ஒரு பின்னூட்டம் வந்துவிடுகிறது. எழுதுபவர்களில் பலர் என்னிடம் படித்தவர்கள். அந்த உரிமையில் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

நான் புலி பார்க்கப் போகவில்லை. காலை ஐந்து மணிக்குக் கிளம்பி வெயில் ஏறும் வரை ஓடை ஓரமாகவும், மேய்ச்சல் புறம்போக்கிலும், முந்திரிக்காட்டு வரப்பிலும் நடக்கிறேன். சில நாள் மயிலும் கௌதாரியும் மட்டும். சில நாள் கீரி, முயல், உடும்பு. அதிர்ஷ்டம் இருந்தால் புதருக்குள் நழுவும் ஒரு நரி. ஒன்றுமே தென்படாத நாளும் உண்டு.

ஏன் தனியாக என்று கேட்கிறார்கள். இரண்டு பேர் போனால் பேச்சு வரும். பேச்சு வந்தால் ஆள்காட்டிக் குருவி கத்தும். அது கத்தினால் அந்தப் பக்கத்து உயிர்கள் எல்லாம் உஷாராகிவிடும். ஆளைக் காட்டிக்கொடுப்பதால்தானே அதற்கு அந்தப் பெயர்!

அந்தக் குருவியையே எடுத்துக்கொள்வோம். அது மரத்தில் கூடு கட்டாது. கோடையில் வெறும் தரையில், சரளைக்கு நடுவில், பெரும்பாலும் நான்கு முட்டை இடும். முட்டை மண் நிறத்தில் புள்ளியோடு இருக்கும். ஒரு முழத் தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் "ஒன்றுமில்லை" என்று கை காட்டும் இடம் அதற்குப் பிரசவ அறை.

2020 அக்டோபரில் குன்னத்தில் மண் எடுத்தபோது உருண்டைக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று சேதி பரவி, ஜனம் திரண்டு போய்ப் பார்த்தது. அவை முட்டையே அல்ல, அம்மோனைட் சார்ந்த கடல் படிமங்கள் என்று நிபுணர்கள் பிறகு விளக்கினார்கள். பல கோடி ஆண்டுக்கு முந்தைய, இல்லாத முட்டையைப் பார்க்க அத்தனை கூட்டம். இன்றைக்கு உயிரோடிருக்கும் முட்டையின் மேல் டிராக்டர் ஏறுகிறது, கேட்க ஆள் இல்லை.

கோளாறு 'தரிசு' என்ற சொல்லில் இருக்கிறது. மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பைப் பாருங்கள். புதர் நிலமும் சதுப்பு நிலமும் அதில் தரிசுப் பட்டியலில் வருகின்றன. நரிக்கும் முயலுக்கும் கௌதாரிக்கும் வீடே புதர்தான். காகிதத்தில் தரிசு என்று எழுதிவிட்டால் தோண்டலாம், குப்பை கொட்டலாம், தைலமரம் நட்டுவிட்டுப் பசுமை என்று போட்டோவும் எடுக்கலாம். யாருக்கும் உறுத்தாது.

நம் மாவட்டத்துக் கரைவெட்டி என்ன, பெரிய வனமா? மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்காலில் வந்து நிரப்பும் பாசன ஏரி. அங்கே இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிறது. 1999-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உலகம் மதிக்கும் அந்த ஏரியை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? சுற்றுலா என்றால் பள்ளிக்கூடங்களும் ஊட்டிக்குத்தானே பஸ் பிடிக்கின்றன?

அடுத்த கேள்வி தெரியும். "நரி சோறு போடுமா சார்? ஆலைதானே வேலை கொடுக்குது?" உண்மைதான். என் மாணவர்கள் பலர் வீட்டில் அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில்தான். ஆலையை மூடு என்று நான் சொல்லவில்லை. சுண்ணாம்புக்கல் எடுத்து முடித்த குழியை அப்படியே விட்டுப் போகாதே என்கிறேன். இது என் ஆசை மட்டுமல்ல. சுரங்கம் தோண்டிய இடத்தில் மறுபடி புல் வளர்த்து, தீவனமும் செடியும் உயிரினங்களும் வாழத்தக்க நிலமாக்க வேண்டும், அதைக் குத்தகை நிபந்தனையிலேயே சேர்க்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. நம் ஊர்க் குழிகளில் அது எந்த அளவுக்கு நடந்திருக்கிறது என்று கிராமசபையில் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அங்கே முன்பு என்ன இருந்தது என்று தெரிந்தவன்தானே கேட்க முடியும்?

மயில் சோளத்தை அழிக்கிறதே என்பது விவசாயியின் நியாயமான வேதனை. அதற்கு இழப்பீடு கேட்போம். கூடவே இதையும் யோசியுங்கள்: மயில் முட்டையைத் தின்கிற நரியும் கீரியும் உடும்பும் வாழ்ந்த புதரை அழித்தது மயிலா, நாமா?

நடக்க நினைப்பவர்களுக்கு நாலு வார்த்தை. வீட்டில் வழியைச் சொல்லிவிட்டுப் போங்கள். தண்ணீர், கைத்தடி, மூடிய காலணி அவசியம். சுரங்க எல்லைக்குள் நுழையாதீர்கள், நீர் நின்ற குழியை நெருங்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போகவே கூடாது. வழியில் ஆடு மேய்ப்பவரைக் கண்டால் நின்று பேசுங்கள். அவருக்குத் தெரிந்ததில் பாதி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. கூட்டைப் பார்த்தால் தள்ளி நில்லுங்கள். செல்ஃபி வேண்டாம்.

"ஒன்றுமில்லை" என்று அடுத்த முறை எழுதுவதற்கு முன் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, செல்போனைப் பையில் போட்டுவிட்டு, பத்து கிலோமீட்டர் தனியாக நடந்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகும் ஒன்றுமில்லை என்றால் இங்கேயே வந்து சண்டை போடுங்கள். பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.