பங்குக்கு வரும் பணம்: பத்திரத்தைக் கொடுக்கும் முன் யோசியுங்கள்

கேள்வி: பொறியியல் படித்த என் மகன் மூன்று ஆண்டுகளாகக் குதிரைவாலி, சாமையில் அவல், சத்துமாவு தயாரித்து விற்கிறான். தோல் நீக்கும் இயந்திரமும் பேக்கிங் இயந்திரமும் வாங்க 25 லட்சம் ரூபாய் தேவைப்படுகிறது. நிலத்தை அடகு வைக்க வீட்டில் சம்மதம் இல்லை. 'ஏஞ்சல் முதலீட்டாளர்' பிடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். அதற்கு 50,000 ரூபாய் முன்பணமும் நிலப் பத்திர நகலும் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: இரண்டையும் கொடுக்க வேண்டாம்.

ஏஞ்சல் முதலீட்டாளர் கடன் கொடுப்பவர் அல்ல. வளரும் நிலையில் உள்ள நிறுவனத்தில் தன் சொந்தப் பணத்தைப் போட்டு, அதற்கு ஈடாகப் பங்கு வாங்கிக்கொள்பவர். நிறுவனம் வளர்ந்தால் சில ஆண்டுகள் கழித்துப் பங்கை நல்ல விலைக்கு விற்பார். நிறுவனம் நொடித்தால் அவர் பணமும் போகும். வட்டி, தவணை, அடமானம் எதுவும் இதில் கிடையாது. ஆகவே நிலப் பத்திரத்துக்கு இங்கே வேலையே இல்லை. பணம் முதலீட்டாளரிடமிருந்து நிறுவனத்துக்குத்தான் வரவேண்டும். வரும் முன்பே 'பைல் செலவு', 'ஏஞ்சல் வரி' என்று கேட்டால் சந்தேகப்பட வேண்டும். ஏஞ்சல் வரி 2024ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. இணையவழியாக ஏற்கெனவே பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

அடுத்து, மகனின் தொழில் எந்த வடிவில் பதிவாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தனிநபர் தொழிலாகவோ குடும்பக் கூட்டுத் தொழிலாகவோ இருந்தால் பங்கு கொடுக்க முடியாது. பிரைவேட் லிமிடெட் நிறுவனமாகப் பதிவு செய்திருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜி.எஸ்.டி. கணக்கு, வீட்டுச் செலவோடு கலக்காத வங்கிக் கணக்கு, திரும்பத் திரும்ப வாங்கும் கடைக்காரர்களின் பட்டியல் ஆகியவற்றையும் முதலீட்டாளர் முதலில் கேட்பார். பிராண்டு பெயர் நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்ப்பார்.

பங்குக் கணக்கைக் குடும்பமே போட்டுப் பார்க்கலாம். நிறுவனத்தின் இன்றைய மதிப்பு 1 கோடி ரூபாய் என்று இருவரும் ஒத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். மகனிடம் 10,000 பங்குகள் இருந்தால் ஒரு பங்கு 1,000 ரூபாய். 25 லட்சம் போடுபவருக்குப் புதிதாக 2,500 பங்குகள் போகும். மொத்தம் 12,500 பங்குகளில் அவருக்கு 20 சதவீதம், மகனுக்கு 80 சதவீதம். பிறகு இன்னொருவர் வந்து இதேபோல 20 சதவீதம் எடுத்தால், மகனின் பங்கு 64 சதவீதமாகக் குறையும். 25 சதவீதத்துக்கு மேல் ஒருவரிடம் போய்விட்டால், நிறுவன விதிகளை மாற்றுவது போன்ற சிறப்புத் தீர்மானங்களை அவர் தனியாகவே தடுத்துவிடலாம். 50 சதவீதத்துக்குக் கீழே போனால் பிடி கையை விட்டுப் போகும்.

கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்களில் கவனம் தேவை.

ஒன்று, நிலத்தை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றக் கூடாது. மாற்றினால் அது நிறுவனத்தின் சொத்தாகிவிடும். ஆலை சொந்த நிலத்தில் இருந்தால், தகப்பனார் அல்லது தாயார் பெயரிலேயே நிலத்தை வைத்துக்கொண்டு நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு செய்ய வேண்டும்.

இரண்டு, பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு வரவேண்டும். அதற்கென ஒரு தனிக் கணக்கு வைப்பது சட்டம். பணம் வந்த 60 நாட்களுக்குள் பங்கு ஒதுக்கித் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 15 நாட்களில் திருப்பித் தர வேண்டும்.

மூன்று, ஒப்பந்தத்தில் 'தனிப்பட்ட உத்தரவாதம்' என்ற வாசகம் இருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரைக் கொண்டு பார்க்க வேண்டும். அது இருந்தால், பங்கு முதலீடு என்ற பெயரில் வந்த கடன் என்றே கொள்ளலாம்.

நம்பகமான இடங்களுக்கு நேராகவே போகலாம், இடைத்தரகர் தேவையில்லை. மதுரை வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில் நபார்டு உதவியுடன் 'மாபிஃப்' என்ற வேளாண் தொழில் வளர்ப்பகம் இருக்கிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் தஞ்சாவூர் உணவுப் பதன நிறுவனத்திலும் இத்தகைய வளர்ப்பகங்கள் உள்ளன. தயாரிப்பைச் சீர்செய்து, கணக்கை ஒழுங்குபடுத்தி, முதலீட்டாளர் முன் நிறுத்தும் வேலையை இவை செய்கின்றன. தமிழக அரசின் 'ஸ்டார்ட்அப் டிஎன்' அமைப்பு 'டான்சீட்' திட்டத்தில் தேர்வாகும் நிறுவனங்களுக்குத் தொடக்க நிதி தருகிறது. முதலீட்டாளர் குழுக்களில், 2007ஆம் ஆண்டு முதல் இயங்கும் 'தி சென்னை ஏஞ்சல்ஸ்', மதுரையில் தொடங்கிய 'நேட்டிவ் லீட்' ஆகியவை தெரிந்த பெயர்கள்.

ஆனால் எல்லாத் தொழிலுக்கும் இந்தப் பணம் பொருந்தாது. பங்கு வாங்குபவர், சில ஆண்டுகளில் பல மடங்கு வளரும் தொழிலைத்தான் தேடுவார். இரண்டு மாவட்டங்களில் விற்று, குடும்பத்துக்கு நல்ல வருமானம் தந்தால் போதும் என்று மகன் நினைத்தால், வெளியாரின் அவசரத்துக்கு ஓட வேண்டியதில்லை. அப்படியானால் மாவட்டத் தொழில் மையத்தை அணுகுவது மேல். பிணையில்லாக் கடனுக்கு உத்தரவாதம் தரும் 'சிஜிடிஎம்எஸ்இ' வசதி பற்றியும், குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான 35 சதவீத மானியம் (உச்சவரம்பு 10 லட்சம்) இப்போது கிடைக்கிறதா என்றும் அங்கே கேட்கலாம். எந்த வழி என்பதை மகனும் பெற்றோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த பிறகே வெளியாரிடம் பேச வேண்டும்.

கேள்வி: எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் 600 உறுப்பினர்கள் இருக்கிறோம். நிலக்கடலைச் செக்கு ஆலை போட வெளி முதலீட்டாளருக்குப் பங்கு கொடுக்கலாமா?
– இயக்குநர் ஒருவர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: முடியாது. உற்பத்தியாளர் நிறுவனத்தில் உற்பத்தியாளர்களும் அவர்களுடைய அமைப்புகளும் மட்டுமே உறுப்பினராக முடியும். தனி விவசாயிகள் மட்டும் சேர்ந்த நிறுவனத்தில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான். பணக்காரர் ஒருவர் நிறுவனத்தை வளைத்துக்கொள்ளாமல் இருக்கவே சட்டத்தில் இந்த வேலி போடப்பட்டிருக்கிறது. விவசாயி அல்லாதவரை உறுப்பினராகக் காட்டிப் பணம் வாங்கினால் பின்னால் சிக்கல் வரும்.

வேறு வழி இருக்கிறது. வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஆண்டுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை அதிகபட்சம் ஏழு ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது. செக்கு ஆலைக்கு இது பொருந்துமா என்பதை வங்கியிலும் வேளாண் வணிக அலுவலகத்திலும் கேட்டு, திட்ட அறிக்கை தயாரிக்கலாம். அதற்கு முன் 600 பேரும் தங்கள் பங்குத் தொகையை முழுமையாகக் கட்டியிருக்கிறார்களா என்று பேரேட்டைப் பார்த்துவிடுவது நல்லது. வங்கி மேலாளர் முதலில் புரட்டும் பக்கம் அதுதான்.